மூச்சு விடும் குழிகள்
ஆண்ட்ரோஸ் தீவின் நீருக்கடிக் குகை ஆராய்ச்சி: ஒரு சிறு வரலாறு

(சிவில், 2012 பேட்ச்)

மலர்க் குழுவிலிருந்து போன். "சிவில்காரங்க ஒருத்தர்கூட கட்டுரை தரலை, நீயாவது ஏதாவது எழுது" என்றார்கள். கூடவே ஒரு நிபந்தனை: "அணை, பாலம்னு ஆரம்பிச்சுடாதே. இப்போ படிக்கிற பசங்களும் படிக்கணும்." என் தொழில் நிலத்தடி நீர். அதைப் பற்றி எழுதினால் பசங்க என்ன, என் வீட்டிலேயே யாரும் படிக்க மாட்டார்கள். எனவே நிலத்தடி நீருக்குள்ளேயே இறங்கி நீந்திப் பார்த்த சிலரைப் பற்றி எழுதுகிறேன். அவர்களில் சிலர் மேலே வரவே இல்லை. வந்தவர்கள் கொண்டுவந்த தகவல்கள் புவியியல், உயிரியல், பருவநிலை என்று நாலைந்து துறைகளின் பாடப்புத்தகங்களை மாற்றி எழுத வைத்தன.

இடம்: அட்லாண்டிக் கடலில் உள்ள பஹாமாஸ் நாட்டின் மிகப் பெரிய தீவான ஆண்ட்ரோஸ். பரப்பு ஏறத்தாழ 6,000 சதுர கிலோமீட்டர் இருந்தும் மக்கள் தொகை மிகக் குறைவு. ஒரு பக்கம் ஆழமற்ற சுண்ணாம்பு மேடை. மறுபக்கம் பவளத்திட்டைத் தாண்டினால் 'டங் ஆஃப் தி ஓஷன்' என்ற பெரும் பள்ளம், கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சரிகிறது. தீவு முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து ஸ்பாஞ்சு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறது. அங்கங்கே கூரை இடிந்து வட்டமான குழிகள் திறந்திருக்கின்றன. வெளிர்பச்சைக் கடலின் நடுவில் மை கொட்டியது போல் கரு நீலமாகத் தெரிவதால் அவற்றுக்கு நீலக் குழிகள் என்று பெயர். காட்டுக்குள் ஏரி போலக் கிடப்பவையும் உண்டு, கடலுக்குள் இருப்பவையும் உண்டு.

கடலுக்குள் இருக்கும் குழிகளுக்கு ஒரு விசேஷம். அவை மூச்சு விடும். சில மணி நேரம் நீரை உள்ளே இழுக்கும், சில மணி நேரம் வெளியே தள்ளும். இழுக்கும்போது மேலே சுழல் உண்டாகிறது. தள்ளும்போது உலை கொதிப்பது போல் நீர் பொங்குகிறது. ஆண்ட்ரோஸ் மீனவர்கள் இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். உள்ளே 'லஸ்கா' என்றொரு பூதம் இருக்கிறது. பாதி சுறா, பாதி ஆக்டோபஸ். அது மூச்சை இழுக்கும்போது படகு போனால் போனதுதான்.

படித்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் ஒரு பொறியாளனாக எனக்கு லஸ்கா மேல் மரியாதை உண்டு. எங்கே போகக்கூடாது, எப்போது போகக்கூடாது என்ற இரண்டு தகவலையும் அந்தக் கதை சரியாகவே சொல்கிறது. காரணம் மட்டும்தான் வேறு. ஆழ்கடலில் ஓதம் ஏறி இறங்கும் வேகத்துக்கு ஆழமற்ற மேடையின் மேலுள்ள நீரால் ஈடுகொடுக்க முடிவதில்லை, அது பின்தங்குகிறது. இரண்டு பக்கமும் நீர்மட்டம் வேறுபடுகிறது. நடுவிலோ குகை என்ற குழாய் இருக்கிறது. மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு நீர் பாய்கிறது. ஹைட்ராலிக்ஸ் முதல் வகுப்பில் படித்ததுதான். ஓத வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் ஒரு குறுகிய குகை வாயில் வழியாக அது பாயும்போது அதை எதிர்த்து எந்த மனிதனும் நீந்த முடியாது.

இந்தக் குழிகளுக்குள் ஒழுங்கான முறையில் இறங்கிப் பார்த்த முன்னோடி ஜார்ஜ் பெஞ்சமின். கனடாவின் டொரான்டோ நகரைச் சேர்ந்த வேதியியலாளர், புகைப்படப் பைத்தியம். 1960-களில் வருடா வருடம் ஆண்ட்ரோஸுக்கு வந்து, குழிகளுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றாக இறங்கினார். இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியும் எந்த உபகரணமும் அன்று கடையில் கிடையாது. விளக்கிலிருந்து எல்லாமே சொந்தத் தயாரிப்பு. அவர் பெயரால் அறியப்படும் ஓர் ஏற்பாடு இன்றும் குகை மூழ்காளர்களின் முதுகில் இருக்கிறது. இரண்டு காற்று சிலிண்டர்களை ஒரு குறுக்குக் குழாயால் இணைத்து, அதில் இரண்டு தனித்தனி ரெகுலேட்டர்களைப் பொருத்துவது. ஒரு ரெகுலேட்டர் கெட்டுப்போனால் அதன் வால்வை மூடிவிட்டு மற்றதன் வழியாக இரண்டு சிலிண்டர் காற்றையும் சுவாசிக்கலாம். அதற்கு முன்பெல்லாம் ரெகுலேட்டர் போனால் காற்று இருந்தும் இல்லாத கதைதான். ஒரு பித்தளைத் துண்டுதான், ஆனால் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும்!

பெஞ்சமின் தேடியது ஒரு குறிப்பிட்ட சாட்சியம். ஆண்ட்ரோஸின் தெற்குப் பகுதியில் 4-ம் எண் கொடுத்த குழியில் அது கிடைத்தது. விளக்கு வெளிச்சத்தில் கூரையிலிருந்து தொங்கும் ஸ்டாலக்டைட்டுகள், அதாவது சுண்ணாம்பு விழுதுகள். சுற்றிலும் கடல்நீர்.

இதிலென்ன பெரிய விஷயம்? விழுது உண்டாவது சொட்டுச் சொட்டாக. கூரையிலிருந்து கசியும் துளி காற்றில் கார்பன் டை ஆக்ஸைடை இழந்து, ஒரு துளி சுண்ணாம்பைப் படிய வைக்கிறது. காற்று இல்லாத இடத்தில் விழுது வளராது. அப்படியானால் இந்தக் குகை ஒரு காலத்தில் காய்ந்து கிடந்திருக்க வேண்டும். கடல்மட்டம் இதைவிடக் கீழே இருந்திருக்க வேண்டும். பனியுகத்தில் உலகின் நீர் பெரும் பனிப்படலங்களாக உறைந்து நின்றபோது கடல் தாழ்ந்திருந்தது என்று புவியியலாளர்கள் வேறு வழிகளில் கணித்திருந்தார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே. இங்கே அதற்கான கல் சாட்சி கண்ணெதிரே தொங்கியது. அந்தக் காலத்தில் ஆண்ட்ரோஸ் ஒரு தீவு அல்ல. இன்று ஆழமற்ற நீரில் கிடக்கும் மேடை முழுவதும் ஒரே பெரும் நிலமாகக் காடும் மேடுமாக இருந்தது.

1970 செப்டம்பர் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் பெஞ்சமினின் கட்டுரை வந்தது. அதே ஆண்டு பிரெஞ்சு கடலாய்வாளர் கூஸ்தோவும் தன் 'கலிப்ஸோ' கப்பலோடு வந்து, பெஞ்சமின் வழிகாட்ட, டெலிவிஷனுக்குப் படம் பிடித்தார். நீலக் குழி உலகப் புகழ் பெற்றது. புகழ் கூஸ்தோவுக்கு, உழைப்பு பெஞ்சமினுக்கு என்பது என் அபிப்பிராயம்.

புகழோடு கூட்டமும் வந்தது, கூட்டத்தோடு சாவும் வந்தது. 1971-ல் பிராங்க் மார்ட்ஸ் என்ற அமெரிக்கர் ஆண்ட்ரோஸின் நீலக் குழி ஒன்றில் இறந்தார். இவர் புதியவர் அல்ல, அன்றைய மிகத் தேர்ந்த குகை மூழ்காளர்களில் ஒருவர். அதே காலத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் குகைகளில் சாவுகள் குவிந்துகொண்டிருந்தன. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த வரலாற்றின் அச்சாணி இதுதான் என்று நினைக்கிறேன். இனி வரப்போகும் கண்டுபிடிப்புகள் எல்லாம், உள்ளே போகத் துணிந்தவர்களால் மட்டும் வந்தவை அல்ல. வெளியே வருவது எப்படி என்று கணக்குப் போட்டவர்களால் வந்தவை.

அந்தக் கணக்கைப் போட்டவர்களில் முதன்மையானவர் ஷெக் எக்ஸ்லி, புளோரிடாவில் ஒரு கணித ஆசிரியர். நடந்த விபத்துகளை எடுத்து, போஸ்ட்மார்ட்டம் மாதிரி ஒவ்வொன்றையும் அலசினார். 'விதி', 'துரதிர்ஷ்டம்' என்று எழுதி முடித்த சாவுகளில் திரும்பத் திரும்ப மூன்று காரணங்களைக் கண்டார். வாயில் வரை தொடர்ச்சியாக ஒரு வழிகாட்டிக் கயிறு இல்லாதது. திரும்பி வரப் போதுமான காற்றை மிச்சம் வைக்காதது. தாங்கும் அளவுக்கு மேல் ஆழம் போனது. 1979-ல் அவர் எழுதிய சின்னக் கையேடு வந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கும் நம் பேட்ச் நண்பர்கள் இதைத் தேடிப் படிக்கலாம், குகை பக்கமே போகாவிட்டாலும்.

காற்றுக் கணக்கை மட்டும் இங்கே சொல்கிறேன். நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் மொத்தம் 4. ஆக, மேலே 60 நிமிடம் வரும் சிலிண்டர் அங்கே 15 நிமிடம்தான். 50 மீட்டரில் 10 நிமிடம். சரி, பாதிக் காற்றில் போய் பாதிக் காற்றில் திரும்பினால் என்ன? கடைசி முனையில் உங்கள் கூட்டாளியின் காற்று முழுவதும் போய்விட்டால் இருவரும் அங்கேயே முடிந்தீர்கள். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு விதி. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் ஒரு பங்கு. முனையில் கூட்டாளியின் காற்று போனாலும் உங்களிடம் இரண்டு பங்கு மிச்சம் இருக்கிறது. உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. சரியாக வாசல் வரை வரும். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் அதுவும் போதாது!

ஆண்ட்ரோஸின் கடற்குழிகளில் இந்த விதிகூடப் பற்றாது என்பதுதான் கொடுமை. குழி மூச்சை இழுக்கும்போது உள்ளே போனால், நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகும். காற்றுச் செலவே தெரியாது. "ஆகா, எவ்வளவு தூரம் வந்துட்டோம்!" என்று திரும்பும்போதுதான் எதிர்நீச்சல். போக ஒரு பங்கு ஆனால், வர மூன்று பங்கு ஆகும். ஆகவே இழுப்பு ஓய்ந்து, நீர் நிலைத்து நிற்கும் அந்தச் சிறு இடைவேளைக்காகக் காத்திருந்து இறங்கி, தள்ளல் தொடங்கும்போது அதனோடு வெளியே வரவேண்டும். ஓத அட்டவணை பார்த்தால் போதாது. கடலில் ஓதம் திரும்பும் நேரமும் குழி திரும்பும் நேரமும் ஒன்றல்ல, குழிக்குக் குழி வேறு. மேலே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மீனவர்களுக்கு லஸ்காவின் குணம் தெரிந்த மாதிரி.

எக்ஸ்லியின் கையேடு வந்த அதே 1979-ல், ஆண்ட்ரோஸுக்கு வடக்கே உள்ள இன்னொரு பஹாமாஸ் தீவான கிராண்ட் பஹாமாவில் ஒரு சம்பவம். ஜில் யேகர் என்ற உயிரியலாளர் அங்குள்ள லுகாயன் குகைகளில் மூழ்கிக்கொண்டிருந்தார். மேலே நன்னீர், கீழே உப்புநீர். இரண்டும் சேருமிடத்தைத் தாண்டி, வெளிச்சமே போகாத, ஆக்ஸிஜன் மிகக் குறைந்த உப்புநீரில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. விரல் நீளம்கூட இல்லை. கண் இல்லை, நிறம் இல்லை. உடம்பு முழுக்க வரிசையாகத் துடுப்பு போன்ற கால்கள். பார்த்தால் நீந்தும் பூரான். அதுவும் மல்லாந்து நீந்தும் பூரான்!

1981-ல் யேகர் அதை விவரித்து வெளியிட்டபோது புது இனம், புது குடும்பம் என்று சொல்லி நிறுத்த முடியவில்லை. கணுக்காலிகளில் இறால், நண்டு சேர்ந்த ஓட்டுடலிகளில் ஒரு புது வகுப்பையே உண்டாக்க வேண்டியிருந்தது. ரெமிபீடியா என்று பெயர். வகுப்பு என்றால் என்ன அளவு? பாலூட்டிகள் ஒரு வகுப்பு, பறவைகள் ஒரு வகுப்பு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த அளவில் ஒன்றைக் கண்டுபிடிப்பது லாட்டரி அடித்த மாதிரி. பிறகு நடந்த மரபணு ஆய்வுகள் இன்னொரு குண்டைப் போட்டன. பூச்சிகளுக்கு, அதாவது நம் வீட்டு ஈ, எறும்பு, வண்ணத்துப்பூச்சிக்கு, ஓட்டுடலிகளில் மிக நெருங்கிய உறவு இந்தக் குருட்டுக் குகைவாசிதான் என்று இப்போது கருதப்படுகிறது. மெக்ஸிகோவின் யுகடான் குகைகளில் வாழும் அதன் சொந்தக்கார இனம் ஒன்று விஷம் வைத்திருப்பதாகவும் நிரூபித்திருக்கிறார்கள். ஓட்டுடலிகளில் விஷம் உறுதியான முதல் பிராணி அதுதான்.

இன்னொரு தகவல். இதே வகுப்பைச் சேர்ந்த ஓர் இனம் பூமியின் மறுபக்கத்தில், மேற்கு ஆஸ்திரேலியக் கரையோரத்தில் ஒரு குழியில் கிடைத்தது. கண் தெரியாத, குகையை விட்டு வெளியே வராத பிராணி அவ்வளவு தூரம் நீந்திப் போயிருக்க முடியாது. கண்டங்கள் நகர்ந்து பழைய டெதிஸ் கடல் உடைந்தபோது தனித்தனியாக மாட்டிக்கொண்ட பங்காளிகள் என்பது விளக்கம். 1996-ல் அதற்கு வைத்த பெயர் எக்ஸ்லியை நினைவுபடுத்துவது: எக்ஸ்லேயி. 1994-ல் மெக்ஸிகோவின் சக்கட்டோன் என்ற ஆழ்குழியில், அத்தனை விதிகளை எழுதிய அந்த மனிதர் இறந்து போயிருந்தார்.

லுகாயன் குகைகளை 1982-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதே காலத்தில் ராப் பால்மர் என்ற ஆங்கிலேயர் பஹாமாஸுக்கு அறிவியல் குழுக்களை அழைத்து வரத் தொடங்கினார். சாகசம் ஒரு பக்கம், அளவெடுப்பு ஒரு பக்கம் என்று இருந்ததை இவர் ஒன்றாக்கினார். உயிரியலாளரும் புவியியலாளரும் கூடாரத்தில் காத்திருக்க, மூழ்காளர் அவர்களுக்கு வேண்டிய மாதிரிகளை எடுத்து வருவது, முடிந்தால் அவர்களையே மூழ்கப் பழக்குவது. 1987-ல் ஆண்ட்ரோஸின் தென்பகுதிக்கு அவர் தலைமையில் வந்த பயணத்தில்தான் ரீப்ரீதர் கருவியும் ஹீலியம் கலந்த வாயுவும் இங்குள்ள ஆழக் குகைகளுக்குள் போயின.

ரீப்ரீதர் விஷயம் மெக்கானிக்கல், கெமிக்கல், எலக்ட்ரானிக்ஸ் மூன்று டிபார்ட்மென்ட்டுக்கும் பொது. நாம் இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன், விடும் காற்றில் இன்னும் 16, 17 சதவீதம் இருக்கிறது. சாதாரண சிலிண்டரில் அந்த மிச்சத்தைக் குமிழியாக வீணடிக்கிறோம். ரீப்ரீதரில் விட்ட மூச்சு வெளியே போவதில்லை. சோடா சுண்ணாம்பு வழியாகப் போய் கார்பன் டை ஆக்ஸைடு நீங்கி, சென்சார் சொல்கிற அளவுக்கு ஆக்ஸிஜன் சேர்ந்து, மறுபடி வாய்க்கே வருகிறது. ஆழம் கூடினாலும் ஆக்ஸிஜன் செலவு கூடாது. 10 நிமிடம் மணிக்கணக்காக மாறுகிறது. ஆராய்ச்சிக்கு இன்னொரு லாபமும் உண்டு. குமிழி கிடையாது. குமிழி மேலே போய்க் கூரையில் மோதி, ஆயிரமாயிரம் ஆண்டு படிந்த தூசியை உதிர்த்து, நீரின் அடுக்குகளைக் கலக்கிவிடும். ரீப்ரீதரோடு போனால் குகைக்கு நீங்கள் வந்ததே தெரியாது. ஆபத்து வேறு வடிவில் வரும். சென்சார் பொய் சொன்னால், சத்தமில்லாமல் மயக்கம், அவ்வளவுதான். பால்மர் 1997-ல் செங்கடலில் மூழ்கும்போது இறந்தார்.

இனி 2009. கென்னி பிராட் என்ற மயாமி பல்கலைக்கழக மானிடவியலாளர் தலைமையில், நேஷனல் ஜியாகிரஃபிக் ஆதரவில், பஹாமாஸின் அருங்காட்சியகக் கழகத்தோடு சேர்ந்து வந்த குழு. ஆண்ட்ரோஸ், அபாக்கோ, இன்னும் 5 தீவுகள். இரண்டு மாதத்தில் சுமார் 150 முறை மூழ்கினார்கள். குகை உயிரியலில் பழம் தின்று கொட்டை போட்ட டாம் இலிஃப், நுண்ணுயிர் ஆராயும் ஜென் மக்கலேடி, பஹாமாஸ் குகைகளை வீட்டுக் கொல்லைபோல அறிந்த பிரையன் கக்குக், புகைப்படக்காரர் வெஸ் ஸ்கைல்ஸ் எனப் பலர்.

தரைக்குள் இருக்கும் குழிகளில் இறங்குவது என்பது அடுக்கடுக்காக இறங்குவது. மேலே தெளிந்த நன்னீர். அதன் கீழே ஆக்ஸிஜன் இல்லாத எல்லையில் பாக்டீரியாக்கள் வளர்ந்து மேகம் போல் ஓர் அடுக்கு, அதில் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் என்று லேபில் படித்தோமே, அதேதான். மூழ்காளர் மூக்கை மூடியிருந்தாலும் தோல் வழியாக உள்ளே போகும். அரிப்பு, தலைசுற்றல். அதிகமானால் உயிருக்கே ஆபத்து. அந்த அடுக்கில் நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது, சட்டென்று தாண்டிவிட வேண்டும். தாண்டினால் கீழே கண்ணாடி போன்ற உப்புநீர், கறுப்பு இருட்டு. மக்கலேடி பார்த்தவரை ஒரு குழியில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் அடுத்த குழியில் இல்லை. ஆக்ஸிஜன் இல்லாத பழங்காலப் பூமியில் உயிர் எப்படிப் பிழைத்தது என்பதற்கு ஒவ்வொரு குழியும் தனித்தனி சோதனைச்சாலை.

2010 ஆகஸ்ட் இதழின் அட்டைப் படக் கட்டுரையாக இது வந்தது. நம் கல்லூரி நூலகத்துக்கு அது வந்து சேர இரண்டு மாதம் ஆனது. அந்த இதழை யார் முதலில் எடுப்பது என்று விடுதியில் நடந்த சண்டை எங்கள் பேட்ச் நண்பர்களுக்கு நினைவிருக்கும். படங்கள் அப்படி. அந்தப் படங்களை எடுத்த ஸ்கைல்ஸ் 2010 ஜூலை 21 அன்று, இதழ் வெளியாகும் நேரத்தில், புளோரிடா கடலில் வேறொரு படப்பிடிப்பின்போது இறந்தார். குகையில் அல்ல, திறந்த கடலில்.

அவர்கள் கொண்டுவந்தவற்றில் கல்லைப் பற்றி முதலில். அபாக்கோ குகையிலிருந்து எடுத்த சுண்ணாம்புத் தூணை வாள் கொண்டு நெடுக அறுத்தால் மரத்தின் ஆண்டு வளையம் போல் அடுக்குகள். யுரேனியம், தோரியம் விகிதத்தால் ஒவ்வொரு அடுக்குக்கும் வயது சொல்லலாம். 2015-ல் மோனிகா அரியென்ஸோவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இது. பனியுகத்தில், வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைக் கூட்டங்கள் உடைந்து மிதந்துவந்த சில காலகட்டங்களில், எங்கோ தெற்கே வெப்பமண்டல ஓரத்தில் இருக்கும் பஹாமாஸும் சுமார் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருக்கிறது. வடக்கே ஒரு கை வைத்தால் தெற்கே உடம்பு சிலிர்க்கிறது. பருவநிலை மாடல் போடுபவர்களுக்கு இப்படி ஒரு சரிபார்ப்பு எண் தங்கத்துக்குச் சமம்.

அடுத்தது எலும்பு. அபாக்கோவில் 'சாமில் சிங்க்' என்ற குழியின் ஆக்ஸிஜன் இல்லாத உப்புநீரில், அழுக வைக்கும் ஜீவன் எதுவும் இல்லாததால், விழுந்தது விழுந்தபடி கிடந்தது. ராட்சத ஆமைகள், கியூபா முதலைகள், பறவைகள், இலைகள்கூட. 2007-ல் முதல் பெரிய அறிக்கை. 2015-ல் டேவிட் ஸ்டெட்மன் குழு கணக்கெடுத்தபோது 95 வகை முதுகெலும்பிகள், அவற்றில் 39 இன்று அபாக்கோவில் இல்லை. அந்த 39-ல் 17 பனியுகம் முடிந்து கடல் உயர்ந்து தீவு சுருங்கியபோது போனவை. மீதி 22 அந்தப் பெரும் மாற்றத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு, கடந்த 1,000 ஆண்டுகளில் மனிதன் வந்த பிறகு போனவை. கடல் 120 மீட்டர் ஏறியதைத் தாங்கியது, நம்மைத் தாங்கவில்லை. 2017-ல் அந்த ஆமையின் எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். வெப்ப நாட்டில் ஆயிரம் வருட டி.என்.ஏ. மிஞ்சியிருப்பதே அதிசயம்.

நீலக் குழிகளில் மனித எலும்பும் உண்டு. லுகாயர்கள், 1492-ல் கொலம்பஸ் முதலில் சந்தித்த மக்கள். ஸ்பானியர்கள் அவர்களை அடிமைகளாக வேறு தீவுகளின் சுரங்கங்களுக்கும் முத்துக் குளிக்கவும் கொண்டுபோனார்கள். ஒரு தலைமுறைக்குள் பஹாமாஸ் காலியானது. அவர்கள் தங்களைப் பற்றி எழுதி வைத்தது எதுவும் இல்லை. இறந்தவர்களில் சிலரை இந்தக் குழிகளில் வைத்தார்கள். அதனால்தான் அங்கே இறங்குபவர்கள் இப்போது எலும்பைக் கண்டால் தொடாமல், அளந்து, படமெடுத்து, அருங்காட்சியகக் கழகத்துக்குச் சொல்கிறார்கள். அது ஒரு மயானம்.

கடைசியாக என் சொந்தப் பாடத்துக்கு வருகிறேன், ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புத் தீவில் ஆறு கிடையாது. குடிநீர் என்றால் மழை பெய்து, கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் லென்ஸ் போல் மிதக்கும் நன்னீர்தான். உப்புநீரின் அடர்த்தி 1.025, நன்னீர் 1.000. கணக்குப் போட்டால், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். கைபன்–ஹெர்ஸ்பர்க் விதி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். அதைத் தலைகீழாகப் படியுங்கள்: பம்பு போட்டு மேலே அரை மீட்டர் இறக்கினால் கீழே 20 மீட்டர் உப்பு ஏறும். நம்மூர் மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகள் உப்பான கதை இதே கணக்குதான். நன்னீரும் உப்புநீரும் தனித்தனியே சுண்ணாம்பைக் கரைக்காத நிலையில் இருந்தாலும், கலக்குமிடத்தில் கரைக்கும் சக்தி பெறுகின்றன. அந்த எல்லைக்கோடுதான் இந்தக் குகைகளைக் குடைந்தது. ஆக, மூழ்காளர்கள் நீந்திய இடமும் தீவுக்காரர்கள் குடித்த நீரும் ஒன்றே.

தலைநகர் நாஸாவுக்கு, வடக்கு ஆண்ட்ரோஸின் லென்ஸிலிருந்து நீரை எடுத்துக் கப்பலில் கொண்டுபோனார்கள், 1970-களிலிருந்து பல ஆண்டுகள். 2004-ல் பிரான்சிஸ் சூறாவளி கடலைத் தூக்கி அந்த நீர்க் கால்வாய்களில் ஊற்றியது. நீர் உப்பானது. பிறகு நாஸா கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்கு மாறிக்கொண்டது. இதற்கிடையே குழிகளில் குப்பை கொட்டும் பழக்கமும் இருந்தது. கல்லுக்குள் போட்டால் கண்ணுக்குத் தெரியாதே! பெஞ்சமினும் பால்மரும் யேகரும் வரைந்த படங்களும் எடுத்த மாதிரிகளும் இல்லாவிட்டால், அந்தக் குப்பை எங்கே போய்ச் சேருகிறது என்று வாதாட யாரிடமும் ஆதாரம் இருந்திருக்காது.

2019 செப்டம்பர் 1 அன்று டோரியன் சூறாவளி மணிக்கு 295 கிலோமீட்டர் வேகத்தில் அபாக்கோவில் இறங்கியது. பிறகு கிராண்ட் பஹாமா மேல் ஒரு நாளுக்கு மேல் நகராமல் நின்றது. யேகர் தன் வெள்ளைப் பூரானைக் கண்ட தீவின் முக்கியக் கிணற்று வயல் கடல்நீரில் மூழ்கி உப்பேறியது.

அடுத்த மாதமே, அக்டோபரில், எலிசபெத் வாலஸ் குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் பார்த்தது தெற்கு ஆண்ட்ரோஸின் ஒரு நீலக் குழியின் அடிச்சேற்றை. மிதவையில் நின்று, ஒரு நீளக் குழாயை அதிர வைத்து இறக்கி, சேற்றை அப்படியே உருளையாக உருவி எடுத்தார்கள். ஒவ்வொரு பெரும் சூறாவளியும் குழிக்குள் கொட்டிய முரட்டு மணல், மெல்லிய சேற்றுக்கு நடுவே ஒரு கோடாகக் கிடந்தது. 1,500 ஆண்டுகளுக்கான கோடுகள். மனிதன் சூறாவளிகளைப் பதிவு செய்துவரும் சுமார் 150 ஆண்டுகளில் கண்டதைவிட நெருக்கமாக அவை விழுந்த காலங்கள் அதில் இருக்கின்றன.